பெட்போடு, பெட்போர்டு

இந்த ஆங்கிலேய ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் பெயரை முழுதாகச் சொல்வதில்லை. ‘பெட்ஃபட்’ என்கிறார்கள். நடுவிலுள்ள ‘ர்’ தொண்டைக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. வந்த புதிதில் ஒருநாள், ஊரின் ஓரத்துத் தொழிற்பேட்டையில் வேலைக்கான பயிற்சி முடிந்து பஸ் ஏறினேன். டிரைவரிடம் ‘பெட்போர்டு’ என்று ஓர் எழுத்தையும் விடாமல் சொல்லி டிக்கெட் கேட்டேன். அவர் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு புரிந்ததும் வெளியே கையைக் காட்டி, “யூ ஆர் இன் இட், மேட்” என்றார். நீ நிற்பதே அந்த ஊரில்தான் என்று பொருள். எனக்குப் பின்னால் நின்றிருந்த பெண்மணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்தப் பெயரை நான் வாயால் சொல்லவில்லை. ‘டவுன்’ என்று மட்டும் சொல்லி டிக்கெட் வாங்கினேன்.

டிரைவருக்கு வெட்கப்பட்டு அல்ல. அது என் அப்பாவின் பெயர். சரியாகச் சொன்னால், பட்டப்பெயர். சென்னையில் அவரை அறிந்த எவருக்கும் அவர் மு. ஏகாம்பரம் அல்ல, பெட்போடு. அங்கேயும் அந்த ‘ர்’ பேச்சில் தங்குவதில்லை. என் வாழ்க்கையின் முக்கால்வாசிக் காலம் நான் அந்தப் பெயரைத் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன். அந்தத் தவறின் பேரில், அவருக்கு வேண்டியிருந்த ஓர் இடத்தில் அதை வெட்டியும் எறிந்தேன். அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பது தெரிந்தபோது நான் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தேன். இங்கே வந்த முதல் வருடம் முழுவதும் அதை எப்படிக் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைக் குடியிருப்பில் இருந்தோம். ஆற்றைத் தாண்டினால் கிண்டி, கிண்டி என்றால் ரேஸ் கோர்ஸ். பந்தய நாளில் மின்சார ரயிலில் வந்து இறங்கும் கூட்டத்தை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மத்தியானம் நிமிர்ந்து போகிறவர்கள் சாயங்காலம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவார்கள். நான் ஆறாவது படிக்கும்போது ஒருநாள் அப்பா தான் ஓட்டும் ஆட்டோவில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார். தெருவில் போன யாரோ, “இன்னா பெட்போடு, சவாரியா?” என்று அவரைக் கேட்டுவிட்டுப் போனார். என் வகுப்புப் பையன் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய அப்பா பந்தயத்தில் எல்லாவற்றையும் தொலைத்தவர். விஷயம் தெரிந்தவனாக, “டேய், உங்கப்பனும் பெட்டு போடறவன்தானா? அதான் பேரே பெட் போடுன்னு வெச்சிகீறானுங்க. எந்தக் குதிரைடா இந்த வாரம்?” என்றான். வகுப்பே சிரித்தது. அன்று மாலை அம்மாவிடம் அப்பா எங்கே என்று கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், “ரேஸுக்குப் போய்கீறாரு” என்றார்.

பந்தய நாளில் கிண்டியில் ஆட்டோவுக்கு நல்ல சவாரி கிடைக்கும். அம்மா சொன்னது அவ்வளவுதான். ஆனால் எனக்கு அதற்குமேல் விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை. பெயர் இருந்தது, இடம் இருந்தது, சாட்சியும் சொல்லிவிட்டார். பின்னாளில் ஒரு தமிழ் நாளிதழில் பதினான்கு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். ஒரு தகவலை இரண்டு பேரிடமாவது கேட்காமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன். சம்பந்தப்பட்டவரிடமே கேட்டாயா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். சொந்த அப்பாவின் விஷயத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. அம்மாவும் நான் கல்லூரியில் இருக்கும்போதே போய்விட்டார். அப்பா ஒரு புது வேட்டி கட்டினால்கூட இந்த வாரம் குதிரை ஜெயித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அவரோடு தெருவில் நடக்கும்போது இரண்டடி முன்னால் நடப்பேன். யாராவது அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காதது போல இருப்பதற்காக.

இங்கே நான் வேலை செய்யும் கிடங்கில் ஷிஃப்ட் மேற்பார்வையாளரின் குடும்பப் பெயர் பெட்ஃபோர்டு. ஐம்பது வயதிருக்கும், நல்ல மனிதர். உங்கள் முன்னோர் இந்த ஊரா என்று கேட்டேன். இல்லை, கெட்டரிங் என்றார். அது வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் வேறு ஊர். பேச்சை வளர்க்க, என் அப்பாவின் பெயரும் பெட்ஃபோர்டுதான் என்று சொல்லிவைத்தேன். அவர் என் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டதால் அதில் பெரிய எழுத்தில் ஏகாம்பரம் என்றிருக்கும். இங்கே என்னை எல்லோரும் கூப்பிடுவதும் அப்படித்தான், ‘மிஸ்டர் எக்கம்’. “ஓ, அப்படியானால் உன் அப்பா ஆங்கிலேயரா?” என்று கேட்டார். இல்லை, அது அவருடைய லாரியின் பெயர் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “ஆனால் உன் பெயர் எக்கம்” என்றார். அதுதான் அவருடைய உண்மையான பெயர், ஆனால் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வேறு பக்கம் போனார். அன்றைக்கு அவர் மனதில் என் குடும்பத்தைப் பற்றி என்ன சித்திரம் உருவாயிற்றோ தெரியாது.

வேலையில்லாத நாட்களில் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து பெட்போர்டுகளைத் தேடினேன். பழைய தொழிலின் பழக்கம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அந்தப் பெயரில் ஊர்கள் இருக்கின்றன. கனடாவில் உண்டு, தென்னாப்பிரிக்காவிலும் உண்டு. பிரபுப் பட்டம் ஒன்று உண்டு. குதிரை ஓட்டுகிறவர்கள் காற்சட்டை தைத்துக்கொள்ளும் வரிவரியான தடித்த துணிக்கும் அதே பெயர். அது இந்த ஊரால் வந்ததா அமெரிக்க ஊரால் வந்ததா என்பதில் இன்னும் தகராறு. நீலகிரியில், குன்னூரில் ஓர் இடத்துக்கும் அதே பெயர். செய்தியறையில் ஒரே பெயரில் இருவர் வந்தால் முன்னெழுத்தோ ஊரோ தொழிலோ சேர்த்துப் பிரித்துக்காட்டுவோம். இல்லையென்றால் மறுநாள் காலை யாராவது தவறான வீட்டுக்கு மாலையோடு போய் நிற்பார்கள். பெயர் என்பது ஆளை அடையாளம் காட்டத்தான், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று எங்கள் செய்தி ஆசிரியர் சொல்வார். அது உண்மையென்றால் நான் செய்ததுதான் முழுத் தவறு.

என் கல்யாணம் மந்தைவெளியில் நடந்தது. மனைவி கலைச்செல்வி அந்தப் பகுதிக்காரி, அடையாறில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுடைய வீட்டில் எல்லோரும் படித்து மாதச் சம்பளத்துக்குப் போகிறவர்கள். அழைப்பிதழ் வாசகத்துக்காக அப்பா ஒரு காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு எழுத வராது, யாரிடமோ சொல்லி எழுதி வாங்கியிருந்தார். அதில் ‘பெட்போர்டு மு. ஏகாம்பரம்’ என்றிருந்தது. “இப்டியே போடு நைனா, பசங்களுக்குத் தெரியணும்” என்றார். பசங்கள் என்றால் கோடம்பாக்கத்தில் அவருடைய பழைய கூட்டாளிகள். ஆட்டோவுக்கு முன்பு அவர் சினிமாக் கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டியவர் என்பது எனக்குத் தெரியும். என்ன வண்டி என்று கேட்டதில்லை. அந்தக் காகிதத்தை மேற்கு மாம்பலத்து அச்சகத்தில் கொடுத்தேன், மறுநாள் புரூஃப் வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்ததும் கை தானாகப் போயிற்று. ‘போர்டு’ என்பதில் ஒற்று மிகை என்று நினைத்து ‘ர்’ஐ அடித்தேன். அடித்தபிறகு அந்தச் சொல் என் கண்முன் ‘பெட்போடு’ என்று நின்றது. மாமனார் வீட்டார் அதைப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். முழுச் சொல்லையும் அடித்தேன். முதலில் ஓர் எழுத்து, பிறகு பெயர். அரை நிமிட வேலை.

அப்பா அந்த அழைப்பிதழ்களில் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு கோடம்பாக்கம் போனார். ஆட்கள் படப்பிடிப்புகளில் இருந்ததால் வழக்கமாக அவர்கள் கூடும் டீக்கடையில் கொடுத்துவிட்டு வந்தார். தமிழே வாசிக்கத் தெரியாததால் அதில் தன் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. முகூர்த்தத்தன்று காலை ஆறு மணியிலிருந்து மண்டப வாசலில் நின்றார். எங்கள் பக்கத்து ஆட்கள் குறைவு. கூட்டாளிகளுக்கென்று இரண்டாம் பந்தியில் ஒரு வரிசை ஒதுக்கச் சொல்லியிருந்தார். இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் வைத்து, தண்ணீரும் தெளித்தாயிற்று. பரிமாறுகிறவர் இரண்டு தரம் வந்து கேட்டார். மூன்றாவது தரம் அப்பாவே போய், மற்றவர்களை உட்காரவைத்துவிட்டார். “எல்லாம் அவுட்டோர் போய்கீறானுங்க போல” என்று என்னிடம் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்தப் பெயரால் அவரை அறிந்தவர்கள் பந்தயக் கூட்டாளிகளாகத்தான் இருப்பார்கள், வராமல் போனதே நல்லது என்று நினைத்தேன். இதை எழுதும்போது அந்த நிம்மதியைத்தான் எனக்கு மறைக்கத் தோன்றுகிறது. அதனாலேயே எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு அரசாங்கத்தில் ஆற்றங்கரைக் குடியிருப்பைக் காலி செய்தார்கள். அப்பாவுக்கு நகருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். எங்களோடு மந்தைவெளிக்கு வந்துவிடச் சொல்லி நான் கூப்பிட்டேன். ஒருமுறைதான் கூப்பிட்டேன். அவர், பார்க்கலாம் என்றார். கலைச்செல்விக்கு இங்கே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தபோது, பத்திரிகையில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் கிளம்பினேன். கிளம்பும் நாளன்று அப்பா இரண்டு பஸ் மாறி வழியனுப்ப வந்தார். கூடத்தில் நான்கு பெட்டிகள் நின்றன. கலைச்செல்வி ஒவ்வொன்றின் மேலும் அட்டை ஒட்டி, தடித்த பேனாவால் ஊர்ப் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்தாள். அப்பா ஒரு பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஏழு எழுத்துகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

“இன்னாடா நைனா, என் வண்டி பேர எழுதி வெச்சிகீறே பொட்டி மேல?”

எனக்குப் புரியவில்லை. எந்த வண்டி என்று கேட்டேன்.

“எந்த வண்டியா? பெட்போர்டு. லைட்டு, டிராலி எல்லாம் ஏத்திக்கினு போற லாரி. நீ பொறந்த வருசம்தான் காயலாங்கடைக்குப் போச்சு. மூஞ்சில இதே எழுத்துதான் இருக்கும். தெனம் தொடச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

அப்போது அவர் அந்த ‘ர்’ஐத் தெளிவாக உச்சரித்தார். முன்பும் அப்படித்தான் உச்சரித்திருப்பார், நான் கேட்டிருக்கமாட்டேன். கலைச்செல்வி சிரித்துக்கொண்டே, “மாமா, அது நாங்க போற ஊரோட பேரு” என்றாள். அப்பா அண்ணாந்து பார்த்தார். “ஊரு பேரா? நான் கம்பெனி மொதலாளி பேருன்னு நெனச்சிகினு இருந்தேன்” என்றார். கீழே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். பெட்டிகளை இறக்க ஆள் வந்துவிட்டது. நான் அந்தப் பெட்டியைத் தூக்கவேண்டியிருந்ததால் அவர் எழுந்து வழிவிட்டார். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த அழைப்பிதழின் சிவப்புக் கோடு என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு வருடம் இதைப் பேசாமல் இருந்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமைதான் பேசினேன். இங்கே ஊருக்கு நடுவே ஊஸ் என்று ஓர் ஆறு ஓடுகிறது. கரையை வெட்டிச் சீராக்கி, புல் வளர்த்து, பெஞ்சு போட்டிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் வீடு இருந்தால் இங்கே அது பணக்காரர் வீடு. மத்தியான வேளை, அங்கே சாயங்காலம். அப்பா எட்டாவது மாடி நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், போனில் பாதி முகம் தெரிந்தது. உங்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன்.

“இத்த கேக்கறதுக்கு லண்டன் போவணுமாடா?” என்றார். பிறகு சொன்னார். ஊட்டியில் பாட்டுக்கான படப்பிடிப்புக்கு லாரியை ஓட்டிக்கொண்டு போகும்போது குன்னூரில் வண்டி நின்றுவிட்டது. இறங்கி இடத்தின் பெயரைக் கேட்டால், பெட்போர்டு என்றார்கள். சென்னைக் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டார். மேனேஜருக்குக் காது மந்தம்.

“யாருய்யா பேசறதுன்றாரு. பெட்போர்டு டிரைவர் சார்ன்றேன். அவருக்கு டிரைவர் காதுல வுழல. எங்கேர்ந்துன்றாரு. பெட்போர்டு சார்ன்றேன். யோவ், உன் பேர கேக்கல, எடத்த சொல்லுன்றாரு. அதான் சார், பெட்போர்டு. எந்த வண்டிய்யா ரிப்பேருன்றாரு. பெட்போர்டு சார்! கத்தறாரு மனுசன். எல்லாமே பெட்போர்டுன்னா நீ யாருடான்றாரு. நானும் கடுப்புல, ஆமா சார், நான்தான் பெட்போர்டுன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு வுழுந்திச்சு பேரு.”

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்தது. அது அடங்கியதும், “வண்டி செய்ற எடத்தப் போய்ப் பாத்தியா நைனா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பு” என்றார். இங்கேதான் நான் மறுபடியும் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அந்த லாரி இந்த ஊரில் செய்யப்படவே இல்லை, பக்கத்திலிருக்கும் லூட்டனில்தான் செய்தார்கள், இது மாவட்டத் தலைநகர் என்பதால் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். “பேரு ஒரு ஊரு, பொறந்தது ஒரு ஊரா?” என்றார். ஆமாம் என்றேன். “சரி வுடு. நான்கூட சைதாப்பேட்டைன்னு சொல்லிக்கினு பெரும்பாக்கத்துலதான் குந்திகீறேன்.”

அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயரை வெட்டியது நான்தான் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“தெரியும் நைனா. அடுத்த மாசமே பசங்க சொன்னானுங்க. பத்திரிக கைக்கு வந்துச்சு, எவனோ ஏகாம்பரம் வூட்டுக் கல்யாணம்னு வெச்சிட்டோம், பெட்போடுன்னு இருந்தா குடும்பத்தோட வந்திருப்போமேன்னு வருத்தப்பட்டானுங்க.”

“ஏம்ப்பா அப்பவே என்னைக் கேக்கல?”

“நீ பேப்பர்ல வேல பாக்கறவன். கரெக்டாதான் பண்ணியிருப்பேன்னு வுட்டுட்டேன்.”

ஆற்றில் அன்னங்கள் போய்க்கொண்டிருந்தன. பெட் போடு என்றால் பந்தயம் கட்டுவது என்று நினைத்தேன், உங்களைக் குதிரைப் பந்தயக்காரர் என்று நினைத்தேன் என்று சொல்லிமுடித்தேன். முதலில் அவர் சிரித்தார். “நானா? குதிரைய கிட்டக்க பாத்தாலே எனக்குப் பயம்டா. ரேஸு வுடற எடத்துக்குள்ள நான் ஏன் போவப்போறேன்?” சிரிப்பு மெல்ல நின்றது. திரையில் இருந்த பாதி முகமும் விலகி, எதிர்ப்பக்கத்து மாடிகள் தெரிந்தன. “இத்தினி வருசமாவா?” என்று குரல் மட்டும் கேட்டது.

ஆமாம் என்றேன். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாதது. எழுத்தில் அதை ஆயிரம் முறை திருத்தியிருக்கிறேன், வாய்க்கு வரவில்லை. மன்னித்தேன் என்றோ, போகட்டும் என்றோ அவரும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு, அங்கே குளிர் எப்படி என்று கேட்டார். பிறகு வேறு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல், இந்தக் கட்டடத்தில் இத்தனை நாளும் எல்லோரும் தன்னை ‘எட்டாவது மாடிப் பெருசு’ என்று மட்டும்தான் கூப்பிட்டார்கள் என்றார். பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கேட்கிறவர்களிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லி, இப்போது அதையே வைத்துக் கூப்பிடுகிறார்களாம். “லாரின்னு சொன்னா எவனுக்குத் தெரியுது? உன் ஊரு பேருன்னு நெனச்சிகினு கூப்புடறானுங்க. கூப்புடட்டும், நான் திருத்தல” என்றார்.

அப்போது போனுக்குள் எங்கோ தூரத்தில், நடைபாதைக் கோடியிலிருந்து ஒரு பெண் உரக்கக் கூப்பிட்டார். “யோவ் பெட்போடு! தண்ணி வந்திச்சு, கொடத்த எடுத்தா!”

“இன்னா?” என்றேன் நான், என்னையே கூப்பிட்டதுபோல, ஊஸ் ஆற்றங்கரையில், சத்தமாக. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அதே நொடியில் அங்கேயும் “இன்னா?” என்று கேட்டது. பிறகு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். அப்பா போனை அணைக்க மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார். குடம் குழாயடியில் நிறைகிற சத்தம் நிற்கும்வரை காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.